மருந்து வைத்தவள்: மேடலின் மில்லரின் ‘சர்சி’ நாவலை முன்வைத்து

“அவ மருந்து வச்சுட்டா” என்பதைச் சின்ன வயதில் எத்தனை தடவை கேட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை. தென்காசிப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மகன் திடீரென்று பெண்டாட்டி பேச்சைக் கேட்க ஆரம்பித்தால் மருந்து. கல்யாணமான ஆறு மாதத்தில் மாப்பிள்ளை இளைத்துப்போனால் மருந்து. சோற்றில் வைப்பார்கள், வெற்றிலையில் மடித்துக் கொடுப்பார்கள், காபியில் கலப்பார்கள். அதை எடுப்பதற்கென்றும் ஆட்கள் உண்டு. வயிற்றை அமுக்கி, வாய்வைத்து உறிஞ்சி, கறுப்பாக எதையோ இலையில் துப்பி, “பாத்தியளா, இம்புட்டு நாளா உள்ள கெடந்துருக்கு” என்று காட்டுவார்கள். இதில் ஒரு விஷயம் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. மருந்து வைத்தவள் எப்போதும் பெண். தின்றவன் எப்போதும் ஆண். வைத்தவளிடம் யாராவது போய், “வச்சியா? ஏன் வச்சே?” என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மேடலின் மில்லரின் ‘சர்சி’ அப்படிப் போய்க் கேட்கிற நாவல்.

போன சாரலில்தான் படித்தேன். எனக்கு வேலை வீட்டிலிருந்து. காலை ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு முன்னால் ஒரு மணி நேரம், சாயங்காலம் கரண்ட் போனால் இன்னும் கொஞ்சம். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில், வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குவதற்கு முன் குற்றாலம் மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நின்று குளித்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து கிண்டிலை எடுத்தால், “ஏட்டி, தலையத் தொவட்டிட்டுப் படி” என்பாள் ஆச்சி. ஆச்சிக்கு எண்பத்து நாலு வயது. இந்தக் கட்டுரையில் அவளும் கொஞ்சம் வருவாள், அவளை விட்டுவிட்டு இந்த நாவலைப் பற்றி என்னால் யோசிக்க முடியவில்லை.

நாவல் 2018-ல் வந்தது. மில்லர் அமெரிக்கர், பள்ளிக்கூடத்தில் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்தவர். அவருடைய முதல் நாவல் ‘த சாங் ஆஃப் அக்கிலீஸ்’ 2011-ல் வந்து அடுத்த வருஷம் ஆரஞ்சு பரிசை வாங்கியது. அதற்கப்புறம் கிரேக்கப் புராணத்துப் பெண்களை எடுத்து எழுதும் நாவல்கள் வரிசைகட்டி வந்துவிட்டன. பாட் பார்க்கர், நதாலி ஹெய்ன்ஸ், ஜெனிஃபர் செயின்ட் என்று ஒரு அலமாரியே இருக்கிறது. பார்க்கரைத் தவிர்த்து மற்றவற்றில் எனக்குப் பெரிய ஈடுபாடு வரவில்லை. ‘சர்சி’ வேறு மாதிரி. குறைகள் நிறைய உண்டு, அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒரு சொல். நாவலின் மையத்தில் இருப்பது ‘பார்மகேயா’. கிரேக்கத்தில் ‘பார்மகோன்’ என்றால் நோய் தீர்ப்பது, கொல்வது, மயக்குவது மூன்றும்தான். நம்முடைய ‘பார்மசி’க்கு இதுதான் மூதாதை. ஆங்கிலத்தில் இதற்கு ஒற்றைச் சொல் இல்லாததால் மில்லர் சுற்றி வளைத்து விளக்க வேண்டியிருக்கிறது. தமிழ் வாசகிக்கு அந்தச் சிரமமே இல்லை. மெடிக்கல் ஷாப்பில் வாங்குவது மருந்து. பயிருக்கு அடிப்பது மருந்து, அதையே குடித்துவிட்டால் “மருந்தக் குடிச்சிட்டா.” மாப்பிள்ளைக்கு வைத்ததும் மருந்து. இந்த ஒரு சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு படித்தால் நாவலின் பாதி, மொழிபெயர்க்காமலேயே தமிழில் இருக்கிறது.

ஹோமரின் ஒடிசியில் சர்சி (கிரேக்க உச்சரிப்பில் கிர்க்கே) பத்தாம் பாகத்தில் வருகிறாள். ஒடிசியஸின் ஆட்கள் அவள் தீவில் இறங்குகிறார்கள். விருந்து வைக்கிறாள், விருந்திலேயே மருந்தும் வைக்கிறாள், கோலால் தட்டிப் பன்றிகளாக்கிப் பட்டியில் அடைக்கிறாள். ஹெர்மஸ் கொண்டுவந்து கொடுத்த, கறுப்பு வேரும் பால்வெள்ளைப் பூவும் கொண்ட ‘மோலி’ என்ற மூலிகையின் பலத்தில் ஒடிசியஸ் தப்பித்து வாளை உருவுகிறான். அவள் அவன் முழங்காலைப் பிடித்துக்கொள்கிறாள். பிறகு ஒரு வருஷம் அங்கேயே தங்கிவிடுகிறான். வருகிறவர்களையெல்லாம் அவள் ஏன் பன்றியாக்குகிறாள் என்று ஹோமர் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அது ஒடிசியஸின் கதை.

மில்லர் அந்த ஏன்-இல் தொடங்கி, நானூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாக எழுதுகிறார். சூரியதேவன் ஹீலியோஸுக்கும் பெர்சே என்ற நீர்ப்பெண்ணுக்கும் மூத்த மகள் சர்சி. அழகு போதாது. ஒளி போதாது. குரல் வேறு மனுஷக் குரல். (ஹோமர் அவளுக்குக் கொடுக்கும் அடைமொழிகளில் ஒன்று, மனிதப் பேச்சு பேசும் தெய்வம் என்பது. அந்த ஒற்றை அடைமொழியிலிருந்து ஒரு முழுக் குழந்தைப் பருவத்தை மில்லர் உருவி எடுத்திருப்பது அழகான வேலை.) கிளாகஸ் என்ற மீனவனைக் காதலிக்கிறாள். பூச்சாற்றால் அவனைக் கடல்தேவனாக்குகிறாள். தேவனானதும் அவன் ஸ்கில்லா என்ற அழகியின் பின்னால் போகிறான். சர்சி, ஸ்கில்லா குளிக்கும் ஓடையில் அதே சாற்றைக் கலக்கிறாள். ஸ்கில்லா ஆறு தலை அரக்கியாகிறாள். செய்ததைச் சர்சியே வாய்விட்டு ஒப்புக்கொள்வதால் அயயா என்ற தீவுக்கு என்றென்றைக்குமாக நாடு கடத்துகிறார்கள். மிச்சக் கதை பெரும்பாலும் அந்தத் தீவில்.

இது மிகைபுனைவு நாவல்தான், அதில் மில்லருக்கு எந்தக் கூச்சமும் இல்லை. நம்மிடம் புராணத்தை நவீன நாவலாக்கியவர்கள் பலரும் முதலில் செய்கிற காரியம் மாயத்தைக் கழற்றி வைப்பது. பைரப்பாவின் ‘பர்வா’வில் வரம் இல்லை, சாபம் இல்லை, எல்லாவற்றுக்கும் மானுடவியல் விளக்கம் இருக்கிறது. மில்லர் அந்த வழியில் போகவில்லை. சூரியன் நிஜமாகவே தேரில் போகிறான், சர்சி நிஜமாகவே சாவதில்லை. ஆனால் மாயத்தை மாயமாகவே வைத்துக்கொண்டு, அதை உழைப்பாக மாற்றுகிறார். இதுதான் நாவலின் முதல் சாதனை என்பேன். தீவில் அவளுக்குக் குரு கிடையாது. எந்த வேரை எப்போது தோண்ட வேண்டும், எதை உலர்த்த வேண்டும், எதைப் பச்சையாக அரைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகத் தவறு செய்து கற்றுக்கொள்கிறாள். கொதிக்கவைத்தது கருகிப்போகிறது. சொன்ன மந்திரம் பலிக்கவில்லை. மறுநாள் மறுபடி. நான் பிழைப்புக்குச் செய்கிற வேலையும் கிட்டத்தட்ட இதுதான் என்பதால், அந்தப் பக்கங்களை ஒருவித சொந்தத்தோடு படித்தேன். மற்ற தேவர்களின் சக்தி பிறப்பிலேயே வந்தது, நினைத்தால் நடக்கும். சர்சியின் சக்திக்கு நகத்தில் மண் ஒட்ட வேண்டும்.

நாவலின் உயிர் ஸ்கில்லாவில் இருக்கிறது. காதலன் மறுத்த கோபத்தில் சர்சி ஸ்கில்லாவை அரக்கியாக்கும் கதை ஓவிடின் ‘மெட்டமார்ஃபசிஸ்’ நூலில் ஏற்கனவே உண்டு. ஓவிட் அதைச் சொல்லிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார். மில்லர் போகவில்லை. ஸ்கில்லா கடலிடுக்கில் உட்கார்ந்து, கடக்கிற ஒவ்வொரு கப்பலிலிருந்தும் தலைக்கு ஒருவராக ஆறு பேரைத் தின்கிறாள். சர்சி தீவில் சமையல் செய்துகொண்டிருக்கும்போதும் தின்கிறாள், காதலித்துக்கொண்டிருக்கும்போதும் தின்கிறாள். நாவல் முழுக்கப் பின்னணியில் அந்தக் கணக்கு ஏறிக்கொண்டே இருக்கிறது. தங்கை பாசிஃபேயின் பிரசவத்துக்காகக் கிரீட் போகிற வழியில் அந்த இடுக்கைச் சர்சியே கடந்தாக வேண்டும். தான் செய்ததை அவள் முதல்முறையாக நேருக்கு நேர் பார்க்கிற அந்த இடத்தைப் படித்துவிட்டு நான் கிண்டிலை மூடிவைத்தேன். பிறந்து வருகிற மினோட்டாரைக்கூட அவ்வளவு தூரம் பொருட்படுத்தவில்லை.

பன்றிக் கதைக்கும் மில்லர் ஒரு ஏன் தருகிறார். கரையொதுங்கிய மாலுமிகளுக்குச் சோறுபோடுகிறாள். வீட்டில் ஆண் இல்லை என்று தெரிந்ததும் அவர்களின் தலைவன் அவளைப் பலாத்காரம் செய்கிறான். அதற்குப் பிறகுதான் பன்றிகள். இந்த அத்தியாயத்தைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு இங்கேதான் சந்தேகம். எழுத்து நன்றாக இருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, எல்லாம் சரி. ஆனால் ஹோமரிடம் காரணமில்லாமல் இருந்த ஒரு பயங்கரத்துக்குக் காரணம் கொடுத்த உடனே அவள் நியாயமானவளாகிவிடுகிறாள். நியாயமானவளைப் பார்த்து நமக்குப் பரிதாபம் வருகிறது, பயம் போய்விடுகிறது. ஸ்கில்லா விஷயத்தில் அவளுக்கு எந்தச் சாக்கும் இல்லை, வெறும் பொறாமை. அதனால்தான் ஸ்கில்லா நிற்கிறாள். பன்றிகள் நீதிக்கதையாகி நகர்ந்துவிடுகின்றன.

பன்றி என்றதும் எனக்குத் திருவிளையாடல் நினைவு வந்தது. பரஞ்சோதி முனிவர் சொல்கிற கதை. சுகலன் என்பவனின் பன்னிரண்டு பிள்ளைகள், தறுதலைகள், தவம் செய்துகொண்டிருந்த குருவின் மேல் கல்லையும் மண்ணையும் எறிந்து சாபம் வாங்கிப் பன்றிக்குட்டிகளாகப் பிறக்கிறார்கள். பாண்டியனின் வேட்டையில் தாய்ப்பன்றி செத்துப்போகிறது. குட்டிகள் பசியில் கத்துகின்றன. சோமசுந்தரக் கடவுள் பெண்பன்றியாக வந்து படுத்து முலைகொடுக்கிறார். அதற்கென்று ஒரு தனிப் படலமே உண்டு. அடுத்த படலத்தில் அந்தக் குட்டிகள் பன்றிமுகத்தோடு பாண்டியனுக்கு மந்திரிகளாகிறார்கள். கிரேக்கக் கதையில் பன்றியாவது ஒருவனின் உள்ளே இருந்தது வெளியே தெரிவது. நம் கதையில் பன்றியாகிவிட்டால் முதல் பிரச்சினை பசி. இது நம்முடைய கதை உசத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. மில்லரின் உலகத்தில் கடவுள்கள் எவ்வளவு சிறுத்துப்போனார்கள் என்பது இந்தப் பெண்பன்றியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஹீலியோஸ், ஏதீனா, ஹெர்மஸ் எல்லோரும் பெரிய வீட்டுக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பணக்காரச் சொந்தக்காரர்கள் மாதிரி இருக்கிறார்கள். வம்பு, பொறாமை, அந்தஸ்து. தொடக்கத்தில் சாட்டையடி வாங்கி நிற்கும் பிரமிதியஸ் ஒருவன்தான் விதிவிலக்கு. தெய்வம் என்ற சொல்லுக்கு உரிய கனம் அந்தக் காட்சிக்குப் பிறகு வருவதேயில்லை.

இதற்குக் காரணம் மில்லரின் திறமைக் குறைவு இல்லை என்று நினைக்கிறேன். அவர் கையில் எடுத்த தெய்வங்களுக்கு இன்று பூசை கிடையாது.

குற்றாலநாதர் கோயில் கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அது முதலில் பெருமாள் கோயிலாம். அகத்தியர் வந்தபோது சிவபக்தர் என்று உள்ளே விடவில்லை. பக்கத்தில் இலஞ்சிக்குப் போய் முருகனைக் கும்பிட்டுவிட்டு, வைணவர் வேஷத்தில் திரும்பிவந்து உள்ளே நுழைந்து, பெருமாள் தலையில் கையை வைத்து அமுக்கிக் குறுக்கி லிங்கமாக்கிவிட்டார். ஓவிட் கேட்டிருந்தால் தன் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டிருப்பார். பின்னால் இருக்கும் சைவ-வைணவச் சண்டையை ஊகிப்பது கஷ்டமில்லை. எனக்குப் பிடித்தது கதையின் வால்தான். அப்படி அமுக்கியதில் சாமிக்குத் தலைவலி வந்துவிட்டது, அதற்காகத்தான் தைலம் சாத்துகிறார்கள் என்பார்கள். ஒரு உருமாற்றம் நடந்து எத்தனையோ நூற்றாண்டு கழிந்தும் அதன் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் தொழிலில் ஒரு வித்தியாசம் சொல்வோம். புரொடக்‌ஷனில் ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டத்தில் ஒரு வரியை மாற்றினால் எங்கோ யாருக்கோ உடைகிறது, ராத்திரி போன் வரும். ஆர்க்கைவில் தூங்கும் கோடை எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம், யாரும் கேட்கமாட்டார்கள். கி.பி. 391-92-ல் ரோமப் பேரரசன் தியோடோசியஸ் பழைய தெய்வ வழிபாட்டைத் தடைசெய்து ஆணைகள் போட்ட பிறகு, கிரேக்கத் தெய்வங்கள் மெல்ல மெல்ல ஆர்க்கைவுக்குப் போய்விட்டார்கள். மில்லருக்கு முழுச் சுதந்திரம். ஏதீனாவைக் குழந்தையைக் கொல்லத் துடிக்கும் வில்லியாக்கலாம், எந்த ஊரிலும் போஸ்டர் ஒட்டமாட்டார்கள். அந்தச் சுதந்திரத்துக்கு விலை, பயமும் சேர்ந்து போய்விடுவது.

ஓடுகிற சிஸ்டத்தில் கை வைத்தவர் புதுமைப்பித்தன். ‘சாப விமோசனம்’ 1943-ல் வந்தது. ராமாயணம் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதை பிடிக்காமல் போகலாம், அதைப் பற்றித் தனக்குக் கவலையில்லை என்ற பொருளில் கதைக்கு முன்னாலேயே ஒரு குறிப்பைப் போட்டுவிடுகிறார். யாருடைய வீட்டில் நின்று பேசுகிறோம் என்று தெரிந்த மனுஷனின் குறிப்பு அது. ராமன் காலடி பட்டு எழுந்த அகலிகை, பல வருஷம் கழித்துச் சீதையிடமிருந்து அக்கினிப் பிரவேசத்தைக் கேள்விப்படுகிறாள். தனக்கு ஒரு நீதி, சீதைக்கு ஒரு நீதியா என்று உள்ளுக்குள் இடிந்து, மறுபடி கல்லாகிறாள். சில பக்கங்கள்தான். அந்தக் கல்லில் இருக்கும் பாரம் மில்லரின் நானூறு பக்கத்தில் ஒன்றிரண்டு இடத்தில்தான் இருக்கிறது. காரணம், அந்த ராமனைக் கும்பிட்டுவிட்டுத்தான் நாம் அந்தக் கதையைப் படிக்க உட்காருகிறோம். ‘சர்சி’யிலும் கடைசியில் ஒரு கல் வருகிறது. தான் உண்டாக்கிய ஸ்கில்லாவைச் சர்சியே மருந்தால் கல்லாக்குகிறாள். இரண்டு கல்லையும் மனதுக்குள் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அகலிகை தானே கல்லானாள், அது அவளுடைய பதில். ஸ்கில்லாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. இவ்வளவு குற்றவுணர்ச்சி கொண்ட நாவலில்கூட ஸ்கில்லாவுக்கு ஒரு வார்த்தை பேச வாய்ப்பில்லை என்பதை மில்லர் கவனித்தாரா தெரியவில்லை. மருந்து வைத்தவளுக்குக் குரல் கிடைத்துவிட்டது. தின்றவளுக்குக் கிடைக்கவில்லை.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடுப்பகுதி கெஸ்ட் ரோல்களின் அணிவகுப்பு. மெடியா வருகிறாள், ஜேசன் வருகிறான், அவரவர் வசனத்தைப் பேசிவிட்டுப் போகிறார்கள். (டெடலஸ் மட்டும் தனி. அவன் அவளுக்குச் செய்துகொடுக்கும் தறி, நாவலில் வருகிற எந்தக் காதலைவிடவும் அழகான பொருள்.) ஒவ்வொரு பத்தியும் ஒரு பொன்மொழியில் போய் முடிகிறது, இன்ஸ்டாகிராமில் போடத் தோதாக. எண்பதாம் பக்கத்தில் ரசித்ததை இருநூறாம் பக்கத்தில் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒருநாள் ஆச்சி, “என்னட்டி கதை அது, இம்புட்டு நாளா விடாமப் படிக்கே?” என்று கேட்டாள். முடிந்தவரை சொன்னேன். பன்றியாக்கிய இடத்தில், “நல்லா வேணும் அவனுவளுக்கு” என்றாள். பிறகு, “அவளுக்குக் கோயில் இருக்கா?” என்று கேட்டாள்.

“முன்னாடி இத்தாலியில ஒரு மலையில இருந்துச்சாம் ஆச்சி. இப்ப இல்ல. மலைக்குப் பேரு மட்டும் இருக்கு.”

“கொடை இல்லியா?”

“இல்ல.”

“பெறவு என்னத்துக்குத் தெய்வம்?”

ஸ்ட்ராபோ எழுதிவைத்த அந்தக் கோயிலைப் பற்றி ஆச்சிக்கு மேற்கொண்டு சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விதான் நாவலைத் திருப்பிப்போட்டுக் காட்டியது. எங்கள் பக்கம் கதை எதிர்த்திசையில் ஓடும். நீலி கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நகைக்காகக் கொல்லப்பட்ட பெண் மறுபிறவி எடுத்து, கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன்னைக் கொன்றவனின் பின்னால் வருகிறாள். “இவன் என் புருஷன், இது எங்க பிள்ள” என்கிறாள். பழையனூர் வேளாளர் எழுபது பேர், அவனுக்கு ஒன்றும் ஆகாது என்று உயிரைப் பிணையாக வைத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவன் சாகிறான். சொன்ன சொல்லுக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். தென்மாவட்டங்களில் வில்லுப்பாட்டில் இதே கதை இசக்கியின் கதையாகப் பாடப்படுகிறது. அந்த எழுபது பேர் என்ன பாவம் செய்தார்கள் என்று கேட்டுப் பாடகர் நிற்பதில்லை. இசக்கிக்கு மனோதத்துவம் கிடையாது, குற்றவுணர்ச்சி கிடையாது. வளையலும் மரத்தொட்டிலும் சாத்தி, “தாயி, எங்க பக்கம் வராத” என்று கும்பிடுகிறோம்.

நம்மிடம் கொல்லப்பட்டவள் தெய்வமாகிறாள். மில்லரிடம் தெய்வம் மனுஷியாகிறாள். நாவலின் கடைசியில் சர்சி தனக்கே மருந்து வைத்துக்கொள்கிறாள், சாகக்கூடிய உயிராக மாறுவதற்கு. இதை அவர் எங்கிருந்து திருப்பினார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. ‘டெலிகோனி’ என்று ஒரு பழைய காவியம் இருந்து தொலைந்துவிட்டது, புரோக்ளஸ் எழுதிய சுருக்கம் மட்டும் மிச்சம். அதில் சர்சியின் மகன் டெலிகோனஸ், அப்பன் என்று தெரியாமல் ஒடிசியஸைக் கொன்றுவிட்டு, பெனலபியையும் டெலிமாக்கஸையும் தீவுக்குக் கூட்டிவருகிறான். டெலிகோனஸ் பெனலபியை மணக்கிறான், டெலிமாக்கஸ் சர்சியை மணக்கிறான். சர்சி அவர்களை மரணமற்றவர்களாக்கிவிடுகிறாள். ஒரு கிறுக்குத்தனமான சுபம். மில்லர் ஆட்களைப் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு திசையை மட்டும் மாற்றுகிறார். பெனலபி தீவின் புதிய மருத்துவச்சியாகிறாள். சர்சி சாவை எடுத்துக்கொள்கிறாள். நான் மேலே சொன்ன எல்லாக் குறைகளும் அந்தக் கடைசி அத்தியாயத்தில் எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. தெய்வமாக இருப்பது என்பது எதுவும் நடக்காமல் நின்றுபோவது என்று அவள் கண்டுகொள்கிறாள். வயசாக வேண்டும், முடி நரைக்க வேண்டும், மகளுக்குக் காய்ச்சல் வந்தால் பயப்பட வேண்டும். கிண்ணத்தை வாயில் வைக்கிறாள், நாவல் முடிகிறது.

அந்த இடத்தைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுப் பூசையறை மேல்தட்டில் ஒரு ஓலைப்பெட்டி இருக்கிறது. கன்னிப்பெட்டி. கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுவது எங்கள் பக்கம் பல வீடுகளில் உண்டு. எங்கள் கன்னி தாத்தாவின் அக்கா. பதினேழு வயதில் கிணற்றில் தவறி விழுந்துவிட்டாள் என்று சொல்லித்தான் எனக்குத் தெரியும். தை மாதம் பொங்கல் கழிந்ததும் பெட்டியை இறக்கி, பழைய துணியை எடுத்துவிட்டுப் புதுப் பாவாடை, தாவணி, கண்ணாடி வளையல், ரிப்பன், பவுடர் டப்பா எல்லாம் வைப்போம். சின்ன வயதில் அந்த ரிப்பனுக்கு நான் ஆசைப்பட்டிருக்கிறேன். எழுபது வருஷத்துக்கு மேலாக அவளுக்குப் பதினேழு வயதுதான். எல்லோருக்கும் நல்லது செய்கிறாள். எனக்கு வேலை கிடைத்ததுகூட அவள் புண்ணியம் என்றுதான் வீட்டில் பேச்சு. தெய்வத்திடம் யாரும் போய், “நீ எப்படி விழுந்தே?” என்று கேட்கமாட்டார்கள்.

மறுநாள் காலையில் ஆச்சி முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து நானும் உருவ ஆரம்பித்தேன்.

“ஆச்சி, நம்ம கன்னி பேரு என்ன?”

“பேரா? கன்னின்னுதான கும்பிடுதோம்.”

“உயிரோட இருக்கையில ஒரு பேரு இருந்திருக்கும்லா?”

ஆச்சி பதில் சொல்லவில்லை. அவள் இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே நடந்த சாவு அது. நாலைந்து கொப்பு உருவி முடிக்கிற நேரம் சும்மா இருந்தாள். சாரல் விழ ஆரம்பித்தது, சுளகை உள்ளே தள்ளி வைத்தாள்.

“உங்க தாத்தா ஒரே ஒரு மட்டம் சொன்னாவ” என்றாள். “அவ நல்லா நீச்சலடிப்பாளாம். இவாளுக்கே அவதான் சொல்லிக்குடுத்தாளாம், அதே கெணத்துல வச்சு.”